காதை அடைக்காத இயர்பட்ஸ் மக்கர் பண்ணினால் எங்கே பார்ப்பது

போன மாதம் சித்தப்பா ஒரு பெட்டியைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். "டேய், இதை ரிட்டர்ன் போட்டு விடு. 1,800 ரூபாய் கொடுத்திருக்கிறேன், பேட்டரி தீர்ந்த ரேடியோ மாதிரி கேட்கிறது." மாட்டிக் காட்டச் சொன்னேன். காதுக்குப் பின்னால் கொக்கி போடும் வகை. கொக்கியெல்லாம் சரியாகத்தான் மாட்டியிருந்தார், ஆனால் ஸ்பீக்கர் இருக்கும் பகுதி அவர் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. விரலால் அதைக் காது ஓட்டைப் பக்கம் கொஞ்சம் திருப்பி விட்டேன். "அட" என்றார். பெட்டி ரிட்டர்ன் போகவில்லை.

ஓப்பன்-ஃபிட் என்று விற்கிற இந்த வகையில் காதுக்குள் ரப்பர் செருகும் வேலை கிடையாது. காதின் மேல் மாட்டும் கொக்கி, மடலின் ஓரத்தைக் கவ்வும் கிளிப், ரப்பர் இல்லாமல் காதுக் குழியில் சும்மா உட்காரும் தண்டு வைத்த மாதிரி என்று மூன்று தினுசு. மூன்றிலும் ஒவ்வொன்று, எல்லாம் 3,000 ரூபாய்க்குள் வாங்கியது, எட்டு மாதமாக எங்கள் வீட்டில் கை மாறிக்கொண்டிருக்கிறது. நான் ஆபீசுக்கும் நடைக்கும், அம்மா சமையலறையில், தங்கை ஆன்லைன் வகுப்புக்கு. வீட்டில், ஆபீசில் யாருடைய ஹெட்செட் பாடாவிட்டாலும் அது கடைசியில் என் மேசைக்குத்தான் வரும். வந்த புகார்களை அவரவர் சொன்ன வார்த்தையிலேயே தலைப்பாக வைத்து எழுதுகிறேன், உங்கள் புகார் எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் எல்லாப் புகாருக்கும் பொதுவாக ஒன்று. வேறு போனில் போட்டுப் பாருங்கள், வேறு இடத்தில் நின்று பாருங்கள், மாட்டிய கோணத்தை மாற்றிப் பாருங்கள். பட்ஸ், போன், இடம், காது, இந்த நாலில் தப்பு யார் பக்கம் என்று தெரியாமல் ரீசெட் மேல் ரீசெட் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. இந்தச் சோதனையை வாங்கிய முதல் இரண்டு நாளிலேயே செய்துவிடுங்கள், திருப்பி அனுப்புவதற்குத் தருகிற நாட்கள் மிகக் குறைவு.

"பேஸே இல்லை, தகர டப்பா மாதிரி கேட்கிறது"

அதிகம் வருகிற புகார் இதுதான், பெரும்பாலும் கோளாறே இல்லாததும் இதுதான். சைக்கிள் பம்பை ட்யூப் வாயில் மாட்டாமல் காற்றில் அடித்துப் பாருங்கள், கை எளிதாகப் போய் வரும், எங்கேயும் அழுத்தம் ஏறாது. ரப்பர் வைத்த இயர்போன் காதை அடைத்துவிடுவதால் உள்ளே இருக்கிற கொஞ்சம் காற்றை ஸ்பீக்கர் நன்றாக அமுக்கி இழுக்க முடிகிறது, கனத்த ஒலி வருகிறது. திறந்த வகையில் அந்தக் காற்று ஓரமாக நழுவிப் போய்விடும். மேல் ஸ்தாயிக்கு இது பெரிதாகப் பாதிப்பில்லை, கீழ் ஸ்தாயிக்குத்தான் அடி. மிருதங்கம் வைத்துச் சோதித்தால் சட்டென்று புரியும்: வலந்தலை தெளிவாகத் தெறிக்கும், தொப்பி எங்கோ பக்கத்து வீட்டில் வாசிப்பது போல இருக்கும்.

இப்போது சோதனை. பாட்டு ஓடும்போது ஒரு விரலால் பட்ஸை லேசாகக் காது ஓட்டையை நோக்கி அழுத்துங்கள். தொப்பி எழுந்து வருகிறதா? அப்படியென்றால் ஸ்பீக்கர் நன்றாகவே இருக்கிறது, உட்கார்ந்த இடம்தான் தப்பு. கொக்கி வகையில் ஸ்பீக்கர் இருக்கும் பகுதியைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் மெதுவாகச் சுழற்றுங்கள், ஒலி வருகிற வலை நேராகக் காது ஓட்டையைப் பார்க்கும் இடத்தில் பாட்டு திடீரென்று நெருங்கி வரும், அதுதான் உங்கள் இடம். கிளிப் வகையில் உருண்டைப் பகுதி காதுக் குழிக்குள், ஓட்டைக்குப் பக்கத்தில் வர வேண்டும். நிறைய பேர் மடலின் உச்சியில் கம்மல் மாதிரி மாட்டிக்கொள்கிறார்கள், அங்கேயிருந்து ஒலி எப்படி உள்ளே போகும்? மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டே வாருங்கள், இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூரத்தில் வித்தியாசம் தெரியும். இரண்டு காதும் ஒரே அச்சில் வார்த்தவை இல்லை என்பதால் வலது பக்கக் கோணமும் இடது பக்கக் கோணமும் வேறாகத்தான் இருக்கும்.

விரலால் அழுத்தியும் கனம் வரவில்லை என்றால், ஒவ்வொரு ஸ்தாயியையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசருக்குப் போகலாம். அங்கே எல்லாரும் செய்கிற தப்பு, கடைசி இடதுபக்கக் கம்பியை, அதாவது 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருப்பதை, உச்சிக்குத் தள்ளுவது. இந்த விலையில் இருக்கிற ஸ்பீக்கருக்கு அந்த இடத்தில் சரக்கே கிடையாது, தள்ளினால் கரகரப்புதான் மிச்சம். 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒரு 3, 4 டெசிபல் ஏற்றிப் பாருங்கள், அது போதும். அதற்கு மேல் அடிவயிறு அதிர வேண்டும் என்றால் நீங்கள் வாங்கியிருக்க வேண்டியது வேறு பொருள்.

"பஸ்ஸில் ஏறினால் ஒன்றுமே கேட்கவில்லை"

கேட்காது. வெளிச் சத்தம் கேட்க வேண்டும் என்றுதானே இதை வாங்கினோம், பஸ் எஞ்சினும் வெளிச் சத்தம்தானே. எஞ்சின் உறுமல் முழுவதும் கீழ் ஸ்தாயி, நம் பட்ஸ் ஏற்கெனவே நொண்டுகிற இடமும் அதுதான், அதனால் பாட்டின் பாதி அதற்குள் முங்கிவிடும். தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன், வண்டி ஸ்டேஷனில் நிற்கும்போது பாட்டு வருகிறது, கிளம்பியதும் பாடகரின் குரல் மட்டும் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

பெட்டியில் ஈஎன்சி என்று போட்டிருக்கிறதே, சத்தத்தை அடக்க வேண்டாமா என்று ஆபீஸ் நண்பர் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். ஈஎன்சி என்பது நீங்கள் போனில் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் பக்கத்து இரைச்சலைக் குறைத்து அனுப்புவது. உங்கள் காதுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. காதுக்குச் சத்தத்தைக் குறைப்பது ஏஎன்சி, அது இந்த விலையில் ஓப்பன் வகையில் போட்டிருந்தாலும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், அடைக்காத காதில் எதை அடக்குவது? இரண்டு சொல்லும் ஒரே எழுத்துச் சாயலில் இருப்பது விற்கிறவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது.

இங்கே செய்யக் கூடாதது, வால்யூமை உச்சத்துக்குத் தள்ளுவது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபல் ஆனால் அது வெறும் 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். தினம் ஒரு மணி நேர பஸ் பயணம் என்றால் நாலே நாளில் அந்த வாரக் கணக்கு முடிந்தது. நான் பஸ்ஸுக்கென்று பழைய ரப்பர் வைத்த வயர் இயர்போனையே பையில் போட்டுக்கொள்கிறேன். ஓப்பனையே போட்டுக்கொள்வேன் என்றால் பாட்டை விட்டுவிட்டுப் பேச்சு எதையாவது கேளுங்கள், ஈக்வலைசரில் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் ஏற்றினால் வால்யூமைத் தொடாமலே வார்த்தைகள் பிரிந்து கேட்கும்.

வீட்டில், அமைதியான அறையில்கூட ஒலி போதவில்லை என்றால் அது வேறு கதை. ஆண்ட்ராய்டில் போனின் வால்யூமும் பட்ஸின் வால்யூமும் சில சமயம் ஒத்துப்போவதில்லை. போன் அமைப்பில் இருக்கும் பில்டு நம்பரை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதில் இரண்டு வால்யூமையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் அப்சல்யூட் வால்யூமை முடக்கும் பொத்தான் ஒன்று உண்டு, அதைப் போட்டுவிட்டு பட்ஸை ஒரு தடவை துண்டித்து இணையுங்கள். இப்போது இரண்டுக்கும் தனித்தனி வால்யூம் கிடைக்கும். கவனம், முதலில் குறைவாக வைத்துவிட்டு மாட்டுங்கள், சில செட் திடீரென்று கத்தும்.

"ஒரு பக்கம் மட்டும்தான் கேட்கிறது"

புதுச் செட்டா? முதலில் சார்ஜிங் முனைகளைப் பாருங்கள். கேஸுக்கும் பட்ஸுக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டி வரும், ஒரு பக்கம் உரித்துவிட்டு இன்னொரு பக்கம் மறந்தவர்கள் என் கணக்கில் இதுவரை மூன்று பேர், அதில் நானும் உண்டு.

பழைய செட் என்றால் இரண்டையும் கேஸில் வைத்து, மூடி, பத்து நொடி கழித்துத் திறங்கள். உள்ளே வைக்கும்போது இரண்டு பக்கமும் சின்ன விளக்கு மின்னுகிறதா? ஒரு பக்கம் மின்னவில்லை என்றால் அந்தப் பக்கம் சார்ஜே ஏறவில்லை, ரீசெட் போட்டு ஒன்றும் ஆகாது. வெளிச்சத்தில் பிடித்து முனையைப் பாருங்கள். என் கொக்கி செட்டில் இடது பக்கம் அப்படி ஆனபோது, இரண்டு தங்க நிறப் பொட்டில் ஒன்றைச் சுற்றி பழைய பித்தளைக் குத்துவிளக்கின் இடுக்கில் பிடிக்குமே, அந்த மாதிரி பச்சைக் களிம்பு, கடுகளவுகூட இல்லை. நடைக்குப் போய் வியர்வையோடு அப்படியே கேஸில் போட்டு மூடியதன் பலன். வியர்வையில் உப்பு, முனையில் மின்சாரம், மூடி போட்டதால் காயவும் வழியில்லை, வேறென்ன ஆகும்.

சுத்தம் செய்ய, காது குடைகிற பஞ்சுக் குச்சியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தொட்டு, பிழிந்து, முனைகளில் மட்டும் வட்டமாகத் தேய்த்தேன், இரண்டு பக்கமும், கேஸுக்குள் இருக்கும் ஸ்பிரிங் ஊசிகளையும் சேர்த்து. அந்த ஊசிகளை விரலால் அழுத்தினால் உள்ளே போய் மேலே எழ வேண்டும், சிக்கிக்கொண்டிருந்தால் அதுவே தொடர்பு விடுகிற இடம். மூன்றாவது குச்சியில்தான் பச்சை போனது. பத்து நிமிடம் காய விட்டு வைத்ததும் விளக்கு மின்னியது. உப்புத்தாள், பிளேடு எதையும் கொண்டு போகாதீர்கள், மேலே பூசிய தங்க முலாம் போய்விட்டால் அடுத்த மாதமே திரும்ப பச்சை பிடிக்கும்.

பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருக்கிறதே என்பீர்கள். அதற்கு அர்த்தம் எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்பதுதான். சோதிப்பது சாதாரணத் தண்ணீரில், வியர்வையில் இல்லை. நடுவில் இருக்கும் எக்ஸ், தூசிக்குச் சோதித்ததாக எதுவும் சொல்லவில்லை என்று பொருள். அப்புறம் அந்த எண் பெரும்பாலும் பட்ஸுக்கு மட்டும், கேஸுக்குக் கிடையாது. மழையில் சட்டைப் பையில் கேஸை வைத்துக்கொண்டு பைக் ஓட்டினால் நம் பாடு.

விளக்கு இரண்டு பக்கமும் மின்னுகிறது, ஆனாலும் ஒரு பக்கம்தான் பாடுகிறது என்றால் இடதும் வலதும் ஒன்றை ஒன்று மறந்துவிட்டன. போனில் இருந்து பெயரை அழியுங்கள். லேப்டாப், டிவி, பழைய போன் என்று எங்கெல்லாம் சேர்த்தீர்களோ அங்கெல்லாம் ப்ளூடூத்தை அணைத்துவிடுங்கள், இதை விட்டால் ரீசெட் முடிந்த மறு நொடி பக்கத்து அறை டிவி போய்ப் பிடித்துக்கொள்ளும். பிறகு ரீசெட். செட்டுக்குச் செட் முறை வேறு, கேஸ் பொத்தானைப் பத்து நொடி அழுத்துவதாகவோ இரண்டு பட்ஸையும் ஒன்றாகத் தொட்டுக்கொண்டு இருப்பதாகவோ இருக்கும், கூட வந்த காகிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஒரு பக்கம் கேட்கிறது, ஆனால் சன்னமாக"

இரண்டு பக்கத்தையும் கழற்றி, ஒரே காதுக்கு முன்னால் மாற்றி மாற்றிப் பிடித்துப் பாருங்கள். அப்படிப் பிடித்தால் இரண்டும் சமமாகக் கேட்கிறது என்றால் சிக்கல் மாட்டிய கோணத்தில், இல்லையென்றால் அந்தக் காதில். ஜலதோஷம் வந்த வாரத்தில் எனக்கே இடது பக்கம் மட்டும் மந்தமாகக் கேட்டது, அநியாயமாக பட்ஸைத் திட்டினேன்.

போனிலும் ஒரு இடம் பார்க்க வேண்டும். அக்சசிபிலிட்டி அமைப்பில் இடது வலது பேலன்ஸ் என்று ஒரு கோடு இருக்கும், அதன் புள்ளி நடுவில் இருக்கிறதா? குழந்தைகள் கையில் போன் கொடுக்கிற வீடுகளில் இதை முதலில் பார்க்கலாம்.

அங்கேயும் சரி என்றால் வலை அடைத்திருக்கிறது. ரப்பர் வகையில் காதுக் குறும்பி அடைக்கும். ஓப்பன் வகையில் அது குறைவு, நம் ஊரில் அடைப்பது தேங்காய் எண்ணெய். தலைக்கு வைத்த எண்ணெய் காதோரம் வழிந்து வலையில் ஒரு படலமாகப் படியும், அதன் மேல் தெருப் புழுதி ஒட்டும், அம்மாவின் செட்டில் இரண்டே மாதத்தில் வலை கறுத்துப் போயிருந்தது. பழைய மெல்லிய டூத் பிரஷ், காய்ந்ததாக, வலையைத் தரையைப் பார்க்கத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தட்டித் தேய்த்தால் அழுக்கு கீழே விழும். மேலே பார்த்தபடி வைத்துத் தேய்த்தால் உள்ளே போய்விடும். குண்டூசி வேண்டவே வேண்டாம்.

அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிற நண்பனுக்கு வந்தது இன்னும் விசித்திரம். பிரஷ் போட்டும் போகாமல் வலை முழுக்க மீசை மாதிரி ஏதோ நிற்கிறது. ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறதல்லவா, பட்டறையில் பறக்கிற இரும்புத்தூள் எல்லாம் அங்கே வந்து குடியேறிவிட்டது. செலோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தோம், ஏழெட்டுத் துண்டு டேப் ஆனது.

"விட்டு விட்டு வருகிறது"

போன் எங்கே இருக்கிறது? பேன்ட் பின் பையில் என்றால் அதை எடுத்துச் சட்டைப் பையில் போடுங்கள், அநேகமாக இங்கேயே முடிந்துவிடும். ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில், அந்த அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும், நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். போன் வலது பின் பையில், அதோடு தொடர்பில் இருக்கும் பட்ஸ் இடது காதில் என்றால் நடுவில் நிற்பது நீங்கள்தான். அறைக்குள் சுவரில் பட்டுத் திரும்பியாவது வந்து சேரும், திறந்த மைதானத்தில் அதற்கும் வழியில்லை, அதனால்தான் வீட்டில் ஒழுங்காக வேலை செய்த செட் கடற்கரை மணலில் விக்குகிறது.

வீட்டிலேயே விக்கினால் பக்கத்தில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். மைக்ரோவேவ் அவனும் அதே அலைதான். வைஃபை ரூட்டர் 2.4இல் இருந்தால் போனை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள். பழைய ப்ளூடூத் முறை 79 வழித்தடங்களில் நொடிக்கு 1,600 தடவை வரை தாவித் தாவித்தான் ஒலியை அனுப்புகிறது, நெரிசலான தடத்தைத் தவிர்க்கவும் அதற்குத் தெரியும், ஆனால் எல்லாத் தடமும் நெரிசல் என்றால் அது எங்கே போகும். பீக் நேரத்து எழும்பூர் ஸ்டேஷன் மேம்பாலத்தில் இதை நீங்களே பார்க்கலாம்.

லேப்டாப்பில் மட்டும் விக்குகிறது என்றால் யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்கோ பென் டிரைவோ செருகியிருக்கிறீர்களா? அது தகவல் அனுப்பும்போது இதே 2.4 பக்கம் இரைச்சலைக் கக்கும், இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து எழுதியிருக்கிறது. டிரைவைக் கழற்றிப் பாருங்கள், சரியாகிவிட்டால் அதை இன்னொரு பக்கத் துளைக்கு மாற்றுங்கள். எல்டேக் (ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் ஒரு முறை) இருக்கிற செட்டாக இருந்தால் அதன் உச்ச வேகமான நொடிக்கு 990 கிலோபிட்டை விட்டு 330க்கோ 660க்கோ இறக்குங்கள். திறந்த காதில், தெருச் சத்தத்துக்கு நடுவில், அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு நம்பிக்கை இல்லை.

"நான் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை"

தலைக்கு மேல் பாருங்கள், ஃபேன் ஓடுகிறதா? தங்கைக்கு ஒரு வாரம் இந்தப் பாடு, வகுப்பில் பேசினால் "புயல் அடிக்கிறதா" என்று கேட்கிறார்களாம். கட்டில் நேராக ஃபேனுக்குக் கீழே. இந்த வகையில் மைக் காதுக்கு வெளியே துருத்திக்கொண்டு இருப்பதால் காற்று நேராக அதன் மேல் மோதுகிறது, ஈஎன்சி பக்கத்து வீட்டு மிக்சிச் சத்தத்தை ஓரளவு வெட்டும், காற்று மோதும் சத்தத்தில் திணறிப்போகும். நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தினோம், புயல் ஓய்ந்தது. பைக்கில் போகும்போது இதில் பேசுவதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே பதில், பேசாதீர்கள், ஹெல்மெட்டுக்குள் கொக்கியும் நிற்காது.

சோதிக்கும்போது வாய்ஸ் ரெக்கார்டரில் பேசிப் பார்த்து "நன்றாகத்தானே இருக்கிறது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள், பல ரெக்கார்டர் ஆப்கள் பட்ஸ் மாட்டியிருந்தாலும் போனின் மைக்கில்தான் பதியும். வீட்டிலேயே இன்னொரு போனுக்கு அழைத்து, அதை அடுத்த அறையில் யாரிடமாவது கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு புகார்: லேப்டாப்பில் பாட்டு அருமையாகக் கேட்கிறது, மீட்டிங் தொடங்கியதும் எல்லார் குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. பட்ஸ் கெட்டுப்போகவில்லை. பாட்டுக்கு ஒரு வழி, அழைப்புக்கு வேறு வழி என்று ப்ளூடூத்தில் இரண்டு உண்டு. மைக்கைத் திறந்த உடனே அது அழைப்பு வழிக்கு மாறிவிடும், அங்கே ஒலியின் மாதிரி வேகம் 8 கிலோஹெர்ட்ஸ், கொஞ்சம் நல்ல செட்டில் 16. பாட்டுக்கு அது 44.1. விண்டோஸ் சவுண்டு அமைப்பில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்து, கேட்பதற்கு மட்டும் பட்ஸை வைத்துக்கொள்ளுங்கள். மீட்டிங் ஆப்புக்குள்ளேயும் அதே தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள், பல ஆப்கள் தன்னிஷ்டத்துக்குப் பட்ஸ் மைக்கை எடுத்துக்கொள்ளும்.

"தானாக நிற்கிறது, தானாக ஓடுகிறது"

முதல் சந்தேகம் லேப்டாப் மேல். ஒரே நேரத்தில் இரண்டு கருவியோடு இணைகிற செட்டில், லேப்டாப்பில் ஒரு மெயில் வந்து டிங் என்றாலே போனின் பாட்டு நின்றுவிடும். இரட்டை இணைப்பை அணைத்துப் பாருங்கள். இரண்டாவது சந்தேகம், பட்ஸின் தொடுபரப்பில் உரசுகிற முடி, துப்பட்டா, தலையணை. ஆப்பில் ஒற்றைத் தட்டுக்கு வைத்திருக்கும் வேலையை எடுத்துவிட்டு இரட்டைத் தட்டு மட்டும் வைத்தால் பாதி நிம்மதி.

"வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம்"

வீடியோ ஆப்கள் ஒலி தாமதமாகப் போய்ச் சேரும் என்று தெரிந்து படத்தையும் அதற்கேற்பத் தாமதிக்கும், அதனால் அங்கே பெரும்பாலும் தெரியாது. கேமில் அந்தச் சலுகை கிடையாது, சுட்ட பிறகு சத்தம் வரும். கேம் மோடு போட்டால் குறையும், பதிலுக்கு விக்கல் கொஞ்சம் கூடும். வேறு வழி இல்லை.

"சார்ஜ் ஏறவில்லை"

கேபிளின் இரண்டு முனையும் சி டைப்பா? அப்படியென்றால் ஒரு முனை பழைய தட்டையான யுஎஸ்பி இருக்கிற கேபிளை எடுத்து, பழைய சார்ஜரில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விளக்கு எரியத் தொடங்கும். சி டைப் சார்ஜர், எதிரில் ஒரு கருவி இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால்தான் மின்சாரத்தை விடும். அதைத் தெரிவிக்க கேஸுக்குள் 5.1 கிலோஓம் அளவில் இரண்டு சின்ன ரெசிஸ்டர் இருக்க வேண்டும், விலை சில பைசா, அதையும் மிச்சம் பிடித்த மலிவு செட்டுகள் உண்டு. நான் வாங்கிய கிளிப் செட் அப்படித்தான், செத்துவிட்டது என்று முடிவு செய்து அரை நாள் கழித்துத்தான் கேபிளை மாற்றிப் பார்த்தேன். வாங்கும்போது கூட வருகிற அரையடிக் கேபிளைத் தூக்கிப் போடாதீர்கள்.

வேகச் சார்ஜரில் போட்டால் வெடித்துவிடும் என்று ஒரு வாட்ஸ்அப் பயம் உலவுகிறது. ஒழுங்கான சார்ஜர் தொடக்கத்தில் 5 வோல்ட்தான் தரும், எதிரில் இருப்பது கேட்டால்தான் உயர்த்தும், இந்தக் கேஸுக்குக் கேட்கவே தெரியாது. பேட்டரியை உண்மையில் கொல்வது சூடு. மே மாதம் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் கேஸை வைத்துவிட்டுக் கடைக்குள் போகிறவர்கள் ஒரு வருடம் கழித்து என்னிடம் வந்து "முன்பெல்லாம் ஆறு மணி நேரம் வரும், இப்போது இரண்டு" என்கிறார்கள்.

"காது வலிக்கிறது, கழன்று விழுகிறது"

கண்ணாடி போடுகிறவர்கள் முதலில் கொக்கியை மாட்டி, அதன் மேல் கண்ணாடிக் கம்பியை விடுங்கள், கழற்றும்போது கண்ணாடி முதலில். மாட்டல் போடுகிற பெண்களுக்குக் கொக்கி ஒத்துவராது, காதுக்கு மேலே போகிற சங்கிலியும் அதுவும் ஒன்றோடொன்று சிக்கி, கல்யாண வீட்டில் அத்தை ஒருவர் கண்ணாடி முன் நின்று பிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கிளிப் நல்லது, மேல்காதில் தோடு இல்லாவிட்டால். கிளிப்பில் வலி வந்தால் தினம் ஒரே இடத்தில் கவ்வ விடாமல் கொஞ்சம் மேலேயும் கீழேயும் மாற்றுங்கள், தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் எனக்கு முடிவதில்லை. கொக்கி வழுக்குகிறது என்றால் மறுபடியும் எண்ணெய்தான், ஈரத்துணியில் ஒரு சொட்டு சோப்பு தொட்டுத் துடைத்தால் பிடித்துக்கொள்ளும், வலைப் பக்கம் ஈரம் படாமல்.

"இதெல்லாம் பார்த்தாயிற்று"

இரண்டு போனில், இரண்டு இடத்தில், முனை துடைத்து, ரீசெட் போட்ட பிறகும் அதே கோளாறு என்றால் வாரன்டிதான். பில்லை போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள், அச்சடித்த பில் மங்கிவிடும். கோளாறை ஒரு நிமிட வீடியோவாக எடுங்கள், கேஸ் விளக்கும் போன் திரையும் ஒரே சட்டத்தில் தெரிகிற மாதிரி. நான் முதல் தடவை வெறுங்கையோடு போய் "எங்களிடம் நன்றாக வேலை செய்கிறதே சார்" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன், வீடியோவோடு போன இரண்டாம் தடவை ஐந்து நிமிடத்தில் எழுதிக்கொண்டார்கள்.

வாரன்டி முடிந்த செட்டைத் திறந்து பார்க்கிற ஆசை வேண்டாம், பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், பேட்டரி மாற்ற ஆகும் செலவில் புதுசே வந்துவிடும். ஒரு பக்கம் செத்து மறு பக்கம் உயிரோடு இருந்தால் மட்டும் ஒரு வழி உண்டு. போனின் அக்சசிபிலிட்டி அமைப்பில் மோனோ ஆடியோவைப் போட்டுவிடுங்கள், இரண்டு பக்கத்து ஒலியும் கலந்து அந்த ஒன்றிலேயே வரும், இல்லாவிட்டால் பாட்டில் வயலின் இருக்கும், வீணை இருக்காது. தண்டு வைத்த செட்டில் இடது போனதும் வலதை அப்படித்தான் அம்மாவுக்குக் கொடுத்தேன். வலது காதில் கச்சேரி ஓடுகிறது, இடது காதில் குக்கர் விசில் எண்ணுகிறார், புதுசு வாங்கித் தரட்டுமா என்று கேட்டால் "மூணு ஆச்சு, அடுப்பை அணை" என்கிறார்.